எழுதிய சட்டத்தால் நாடு காத்த சுல்தான்

ஜொகூர் பாரு நகரின் நீரிணைக் கரையோரமாகச் செல்வோர் கண்களில் இரண்டு பழைய கட்டடங்கள் தவறாமல் படும். ஒன்று, 1866-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட இஸ்தானா பெசார் அரண்மனை. மற்றொன்று, குன்றின்மேல் வெண்ணிறத்தில் உயர்ந்து நிற்கும் சுல்தான் அபு பாக்கார் பள்ளிவாசல். இவ்விரண்டையும் எழுப்பக் காரணமாக இருந்தவர் சுல்தான் அபு பாக்கார். நவீன ஜொகூரின் தந்தை என்று வரலாறு அவரைப் போற்றுகிறது. எனினும், அவர் விட்டுச்சென்ற செல்வங்களுள் மிகப் பெரியது எந்தக் கட்டடமும் அன்று. 1895-ஆம் ஆண்டில் அவர் வழங்கிய அரசியலமைப்புச் சட்டமே ஆகும். மன்னரின் சொல்லே சட்டமாக இருந்த காலத்தில், தம் அதிகாரத்திற்குத் தாமே எல்லை வகுத்துக்கொண்ட மன்னர் அவர். அவ்வாறு செய்ய அவரைத் தூண்டியது எது என்பதை அறிய, அவருடைய வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து காண வேண்டும்.

அபு பாக்கார் 1833-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் சிங்கப்பூரின் தெலோக் பிளாங்காவில் பிறந்தார். அவருடைய தந்தை தெமெங்கோங் டாயிங் இப்ராஹிம். பாட்டனார் தெமெங்கோங் அப்துல் ரஹ்மான். தெமெங்கோங் என்பது பழைய ஜொகூர் அரசில் காவலையும் நீதியையும் கவனித்த உயர் பதவியாகும். 1819-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரான ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் வணிக நிலையம் அமைத்தபோது, ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர்களுள் அப்துல் ரஹ்மானும் ஒருவர். ஐந்தே ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. 1824-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். அதன்வழி, பழைய ஜொகூர் அரசு இரண்டாகப் பிளவுபட்டது. ரியாவ், லிங்கா தீவுகள் ஒரு புறமும் ஜொகூர் நிலப்பகுதி மறு புறமும் பிரிந்தன. அதே ஆண்டில் சிங்கப்பூர்த் தீவு முழுமையாக ஆங்கிலேயர் வசமாயிற்று. தாளில் எழுதப்பட்ட சில வரிகள் ஓர் அரசையே கூறுபோட முடியும் என்பதை அக்குடும்பம் தன் சொந்த இழப்பால் உணர்ந்தது.

1855-ஆம் ஆண்டில் மற்றோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. சுல்தான் அலிக்குச் சுல்தான் பட்டமும் மூவார்ப் பகுதியும் கிடைத்தன. ஜொகூரின் எஞ்சிய பகுதியை ஆளும் உரிமை டாயிங் இப்ராஹிமைச் சேர்ந்தது. இதனால் பட்டம் ஒருவரிடமும் ஆட்சி வேறொருவரிடமும் இருக்கும் விந்தையான நிலை தோன்றியது. அதே ஆண்டில் நீரிணைக் கரையில் இருந்த தஞ்சோங் புத்ரி என்ற சிற்றூரில் புதிய நகருக்கு அடித்தளம் இடப்பட்டது. அந்நகரே பின்னாளில் ஜொகூர் பாரு என்னும் பெயரைப் பெற்றது.

இளமையில் அபு பாக்கார், சிங்கப்பூரில் கீஸ்பெரி என்ற சமயத்தொண்டர் நடத்திய பள்ளியில் பயின்றார். அங்கே ஆங்கிலம் கற்றார். மேலை நாட்டாரின் பழக்க வழக்கங்களையும் அறிந்துகொண்டார். கீஸ்பெரியுடன் நெருங்கிப் பணியாற்றியவர் முன்ஷி அப்துல்லா. நாகூர்த் தமிழ் மரபும் அரபு மரபும் கலந்த குடும்பத்தில் மலாக்காவில் பிறந்த இவர், தமிழும் கற்றவர்; நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படுபவர். 1838-ஆம் ஆண்டில் கிழக்குக் கரை மாநிலங்களுக்குப் பயணம் செய்த அவர், ஆட்சியாளர்கள் முறையின்றி நடந்துகொண்டால் குடிகள் எவ்வாறு துன்புறுவர் என்பதைத் தம் பயண நூலில் துணிவுடன் எழுதினார். உழைத்துச் சேர்த்த பொருளைப் பெரியவர்கள் பறித்துக்கொள்ளும் நாட்டில் எவரும் உழைக்க முன்வரமாட்டார்கள் என்பது அவருடைய கருத்து. அபு பாக்கார் வளர்ந்த சிங்கப்பூரில் இத்தகைய சிந்தனைகள் அச்சேறி, படிப்போரிடையே உலவின.

1862-ஆம் ஆண்டில் தந்தை மறைந்தார். இருபத்தொன்பது வயதுகூட நிறைவடையாத அபு பாக்கார் தெமெங்கோங் பொறுப்பை ஏற்றார். அவர் கைக்கு வந்த நாடு பெரும்பாலும் காடாக இருந்தது. ஆறுகளே சாலைகளாக விளங்கின. அந்த ஆற்றங்கரைகளில் சீனக் குடியேறிகள் மிளகும் கம்பிரும் பயிரிட்டனர். தோல் பதனிடவும் சாயமிடவும் பயன்பட்ட கம்பிருக்கு அன்று நல்ல விலை கிடைத்தது. ஒவ்வோர் ஆற்றுப் பகுதிக்கும் கங்சூ எனப்படும் தலைவர் ஒருவர் இருந்தார். ஆட்சியாளர் வழங்கும் உரிமைப் பத்திரத்தைப் பெற்று, அவர் அப்பகுதியைத் திறந்து, ஆள்களைக் குடியேற்றி, வரி செலுத்தினார். 1873-ஆம் ஆண்டில் இத்தலைவர்களின் உரிமைகளையும் கடமைகளையும் வரையறுக்கும் சட்டம் ஜொகூரில் இயற்றப்பட்டது. வாய்மொழியாக இருந்த ஏற்பாடு எழுத்துமொழியாக மாறியது. சீனர்களின் அலுவல்களைக் கவனித்த சாலே பின் பெராங் என்ற மலாய் அதிகாரி சீன மொழியையே கற்றுத் தேர்ந்தார். குடிகளின் மொழி அறிந்து ஆள வேண்டும் என்னும் நோக்கம் அக்கால நிருவாகத்தில் இருந்ததை இது காட்டுகிறது.

இவ்வளர்ச்சிக்கு மற்றொரு பக்கமும் இருந்தது. அரசின் வருவாயில் பெரும் பங்கு அபின் விற்பனை உரிமையிலிருந்தும் சூதாட்ட உரிமையிலிருந்தும் வந்தது. காட்டைத் திருத்திய தொழிலாளர்களின் கூலியே இவ்வழியாக அரசுக் கருவூலத்தைச் சேர்ந்தது. அக்காலத்தில் ஆங்கிலேயர் ஆண்ட சிங்கப்பூரிலும் இதே முறைதான் நிலவியது. எனினும், நாட்டின் முன்னேற்றத்திற்காக அத்தொழிலாளர்கள் கொடுத்த விலையை மறந்துவிட முடியாது.

1866-ஆம் ஆண்டில் அபு பாக்கார் இங்கிலாந்துக்குப் பயணமானார். மலாய் ஆட்சியாளர் ஒருவர் ஐரோப்பாவுக்குச் சென்றது அதுவே முதன்முறை. அங்கு விக்டோரியா மகாராணியாரைச் சந்தித்தார். அந்நாட்டில் அவர் கண்டது, முடியாட்சியும் சட்டமும் ஒன்றாக இயங்கிய ஓர் அரசமைப்பு. அது ஒரே நாளில் உருவானதன்று. பல நூற்றாண்டுப் போராட்டங்களும் சிந்தனைகளும் அதன் பின்னணியில் இருந்தன.

இடைக்கால ஐரோப்பாவில் மன்னர், திருச்சபை, நிலப்பிரபுக்கள் என்று அதிகாரம் பல கைகளில் சிதறிக் கிடந்தது. 1215-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரபுக்கள் ஜான் மன்னரை வற்புறுத்தி மேக்னா கார்ட்டா என்னும் உரிமைப் பட்டயத்தைப் பெற்றனர். மன்னரும் சட்டத்திற்குக் கட்டுப்பட்டவர் என்ற எண்ணம் அதில் வேரூன்றியது. 1576-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ஜான் போடின் இறைமை என்ற கருத்தை விளக்கினார். ஒரு நாட்டில் இறுதி முடிவு எடுக்கும் உச்ச அதிகாரம் ஒன்று இருக்க வேண்டும். அது பிறருக்குக் கட்டுப்பட்டதாக இருத்தலாகாது என்பது அவருடைய வாதம். 1648-ஆம் ஆண்டின் வெஸ்ட்பேலியா அமைதி உடன்படிக்கைக்குப் பின்னர், ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் மற்றொரு நாடு தலையிடக்கூடாது என்னும் எண்ணம் ஐரோப்பாவில் மெல்ல மெல்ல வலுப்பெற்றது.

உள்நாட்டுப் போரின் கொடுமையைக் கண்ட தாமஸ் ஹாப்ஸ், 1651-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், அச்சமின்றி வாழ்வதற்காகவே மக்கள் தங்கள் உரிமைகளை ஓர் ஆட்சியாளரிடம் ஒப்படைக்கின்றனர் என்றார். அவருக்குப் பின் வந்த ஜான் லாக் அதை ஏற்கவில்லை. மக்களின் உயிரையும் உரிமையையும் உடைமையையும் காக்கவே அரசு உண்டானது. அக்கடமையில் தவறினால் அரசு தன் தகுதியை இழந்துவிடும் என்று அவர் வாதிட்டார். 1748-ஆம் ஆண்டில் மாண்டெஸ்க்யூ, சட்டம் இயற்றுதல், ஆட்சி நடத்துதல், நீதி வழங்குதல் ஆகிய மூன்று அதிகாரங்களும் ஒரே கையில் குவியக்கூடாது என்று எழுதினார். அபு பாக்கார் இலண்டனில் பார்த்த நாடாளுமன்றமும் நீதிமன்றங்களும் இந்த நெடிய சிந்தனை மரபில் விளைந்தவையே.

இக்கருத்துகள் மலாய் மண்ணுக்கு முற்றிலும் புதியவை அல்ல. மன்னர் குடிகளை இழிவுபடுத்தக்கூடாது, குடிகள் மன்னருக்குத் துரோகம் செய்யக்கூடாது என்று ஸ்ரீ திரி புவனாவும் டெமாங் லேபார் டாவுனும் செய்துகொண்ட உடன்படிக்கையைச் செஜாரா மெலாயு என்னும் பழைய மலாய் நூல் கூறுகிறது. தமிழ் மரபும் முறை தவறாத ஆட்சியைச் செங்கோல் என்றும் முறை தவறியதைக் கொடுங்கோல் என்றும் பிரித்துக் கூறியது. ஆட்சியாளருக்குக் கடமை உண்டு என்பதை ஆசியாவும் அறிந்திருந்தது. ஆனால், அக்கடமையை விதிகளாக எழுதி, அவற்றைக் காக்க அவைகளையும் நீதிமன்றங்களையும் அமைத்ததே ஐரோப்பாவின் தனித்தன்மை. எழுதப்பட்ட சட்டமும் ஒழுங்கான நிருவாகமும் இல்லாத நாடுகளை ஐரோப்பியர் தங்களுக்கு நிகராக மதிக்கவில்லை. அவற்றைக் கைப்பற்ற அதையே ஒரு சாக்காகவும் கொண்டனர். இந்த உண்மையை அபு பாக்கார் நன்கு புரிந்துகொண்டார்.

நாடு திரும்பியபின், 1868-ஆம் ஆண்டில் அவர் மகாராஜா என்ற பட்டத்தை ஏற்றார். அதன்வழித் தெமெங்கோங் என்னும் அதிகாரியின் நிலையிலிருந்து உயர்ந்து, தனி ஆட்சியாளராக உலகின்முன் நின்றார். காவல்படை, நீதிமன்றம், கருவூலம், மருத்துவமனை, பள்ளி எனத் துறைகளை ஒழுங்குபடுத்தினார். ஜொகூருக்கெனத் தனிக் கொடி உருவானது. 1879-ஆம் ஆண்டில் தனி வாழ்த்துப் பண்ணும் இயற்றப்பட்டது. 1883-ஆம் ஆண்டில் அவர் ஜப்பானுக்குச் சென்று மெய்ஜி பேரரசரைச் சந்தித்தார். தன் அடையாளத்தை இழக்காமலேயே ஓர் ஆசிய நாடு நவீனமாக முடியும் என்பதற்கு ஜப்பான் நேரடிச் சான்றாக இருந்தது.

இதற்கிடையே அண்டை மாநிலங்களில் ஆபத்து சூழ்ந்தது. 1874-ஆம் ஆண்டின் பங்கோர் ஒப்பந்தத்தால் பேராக்கில் ஆங்கிலேய ரெசிடென்ட் அமர்த்தப்பட்டார். சமயமும் மலாய் வழக்காறும் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவருடைய ஆலோசனையைச் சுல்தான் கேட்டு நடக்க வேண்டியதாயிற்று. சிலாங்கூர், சுங்கை ஊஜோங் ஆகியவற்றுக்கும் அதே நிலை ஏற்பட்டது. உள்நாட்டுச் சண்டையும் வாரிசுப் போட்டியுமே ஆங்கிலேயருக்குக் கதவைத் திறந்துவிட்டன. ஜொகூரிலும் அத்தகைய நெருக்கடி வந்தது. 1877-ஆம் ஆண்டில் சுல்தான் அலி காலமானதும் மூவார்ப் பகுதி அபு பாக்காரின் ஆட்சிக்குள் வந்தது. அதை எதிர்த்த சுல்தான் அலியின் மகன் தரப்பினர் 1879-ஆம் ஆண்டில் ஜெமெந்தாவில் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சி அடக்கப்பட்டது. அது நீடித்திருந்தால், ஜொகூருக்கும் ஒரு ரெசிடென்ட் வந்திருக்கக்கூடும்.

ஆங்கிலேயரின் நெருக்குதல் நாளுக்கு நாள் கூடியபோது, அபு பாக்கார் சிங்கப்பூரில் இருந்த ஆளுநரோடு மட்டும் பேசிக்கொண்டிருக்கவில்லை. நேரே இலண்டனுக்குச் சென்று பேச்சு நடத்தினார். 1885-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரிட்டன் அவரை ஜொகூர் நாட்டின் சுல்தானாக ஏற்றது. அதற்கு ஈடாக, வெளிநாட்டு உறவில் பிரிட்டனின் விருப்பத்திற்கு அவர் இணங்க வேண்டியிருந்தது. தூதர் போன்ற ஓர் ஆங்கிலேயப் பிரதிநிதியை அமர்த்தவும் ஒப்பந்தம் இடமளித்தது. ஆனால், அவருடைய வாழ்நாளில் அத்தகைய பிரதிநிதி எவரும் ஜொகூருக்கு வரவில்லை. வெளியுறவில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, உள்நாட்டு ஆட்சியை அவர் காத்துக்கொண்டார். 1886-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் ஜொகூர் பாருவில் அவருடைய முடிசூட்டு விழா நடைபெற்றது. அவருக்குத் துணையாக டத்தோ ஜாஃபார் முகம்மது மந்திரி பெசாராகவும், அப்துல் ரஹ்மான் அண்டாக் செயலாளராகவும் பணியாற்றினர்.

அவருடைய இறைமை விரைவில் இங்கிலாந்தின் நீதிமன்றத்திலேயே சோதிக்கப்பட்டது. அந்நாட்டில் தனி மனிதராகத் தங்கியிருந்த காலத்தை ஒட்டி, ஒருவர் அவர்மீது உரிமையியல் வழக்குத் தொடுத்தார். சுல்தான் வேறு பெயரில் அங்கு வாழ்ந்ததால் அவருக்கு மன்னருக்குரிய விலக்கு கிடையாது என்பது வழக்குத் தொடுத்தவரின் வாதம். ஜொகூர் இறைமையுள்ள நாடு என்றும் அதன் சுல்தான் சுதந்திர ஆட்சியாளர் என்றும் பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகள் அமைச்சு நீதிமன்றத்திற்குத் தெரிவித்தது. நீதிமன்றம் அதை முடிவான சான்றாக ஏற்று, அவர் தாமே உடன்பட்டாலன்றி அவரை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. 1894-ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் பதிவான இவ்வழக்கு, அனைத்துலகச் சட்டம் பயில்வோரால் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. போடின் ஐரோப்பிய மன்னர்களை மனத்தில் கொண்டு விளக்கிய இறைமை, இங்கு ஒரு மலாய் மன்னருக்குக் கேடயமாயிற்று.

ஆயினும், ஒரு தனிமனிதரின் திறமையை மட்டும் நம்பி நாடு நெடுநாள் நிலைக்காது. தமக்குப் பின் வருபவர் ஆசைக்கோ அச்சத்திற்கோ ஆட்பட்டு நாட்டைப் பிறருக்கு விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும்? இக்கேள்விக்கு விடையாக அமைந்ததே ஜொகூர் அரசியலமைப்புச் சட்டம். உடல்நலம் குன்றியிருந்த நிலையில், 1895-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் அவர் அதனை வழங்கினார். மலாய் மாநிலங்களில் நவீன முறையில் எழுதப்பட்ட முதல் அரசியலமைப்புச் சட்டம் அதுவே. அரியணைக்கு உரியவரின் தகுதி, வாரிசு முறை, நாட்டின் சமயமான இஸ்லாம், அமைச்சரவை, நாட்டு மன்றம், நீதிமன்றங்கள் ஆகியன அதில் முறையாக வகுக்கப்பட்டன. அவற்றுள் தலையாயது ஒரு தடை: ஆட்சியாளர் எவரும் நாட்டையோ அதன் ஒரு பகுதியையோ ஐரோப்பிய அரசுக்கோ வேறெந்த அரசுக்கோ ஒப்படைக்கக்கூடாது. நாடு மன்னரின் சொந்தச் சொத்தன்று. அவர் பொறுப்பில் விடப்பட்ட உடைமை என்ற கருத்து அதில் பொதிந்திருந்தது.

இச்சட்டம் மக்களாட்சியைக் கொண்டுவரவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மன்ற உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அதிகாரத்தின் பெரும்பகுதி சுல்தானிடமே இருந்தது. ஆயினும், ஆட்சியாளருக்கும் மேலாக விதி ஒன்று உண்டு என்பது எழுத்தில் நிலைபெற்றது. 1911-ஆம் ஆண்டில் திரெங்கானுவும் தனக்கென அரசியலமைப்புச் சட்டத்தை வகுத்துக்கொண்டது.

சட்டம் வழங்கிய இரண்டு திங்களுக்குள், 1895-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் இலண்டனில் சுல்தான் அபு பாக்கார் காலமானார். அவருடைய உடல் கடல் வழியாகக் கொண்டுவரப்பட்டு, ஜொகூர் பாருவில் உள்ள மஹ்மூடியா அரச கல்லறையில் நல்லடக்கம் செய்யப்பட்டது. இருபத்தொரு வயது நிரம்பிய அவர் மகன் சுல்தான் இப்ராஹிம் அரியணை ஏறினார். வாரிசு முறை ஏற்கெனவே எழுதப்பட்டிருந்ததால் ஆட்சி குழப்பமின்றிக் கைமாறியது. இறுதியில், 1914-ஆம் ஆண்டில் ஜொகூரும் அதிகாரமுள்ள ஆங்கிலேயப் பொது ஆலோசகரை ஏற்க நேர்ந்தது. பேராக் பணிந்து நாற்பது ஆண்டுகள் கழிந்த பிறகே அது நிகழ்ந்தது. மலாய் மாநிலங்களுள் கடைசியாகப் பணிந்தது ஜொகூர்தான்.

அச்சட்டத்தின் ஆற்றல் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், மலாயன் யூனியன் திட்டத்திற்காக மலாய் ஆட்சியாளர்களிடம் ஆங்கிலேயர் கையொப்பம் பெற்றனர். அப்போது ஜொகூர் மக்கள் 1895-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கையில் எடுத்தனர். நாட்டை ஒப்படைக்கக்கூடாது என்ற விதியை அந்த ஒப்பந்தம் மீறுகிறது என்று வாதிட்டனர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு மன்னர் எழுதிய விதி, குடிகளின் கையில் உரிமைக் குரலாக மாறியது. அந்த எதிர்ப்பியக்கத்தை முன்னின்று நடத்திய டத்தோ ஓன், முதல் மந்திரி பெசாரான ஜாஃபார் முகம்மதுவின் மகன் ஆவார். நாடெங்கும் எழுந்த எதிர்ப்பால் மலாயன் யூனியன் கைவிடப்பட்டு, 1948-ஆம் ஆண்டில் மலாயாக் கூட்டரசு உருவானது. 1957-ஆம் ஆண்டில் சுதந்திரம் பெற்ற நாடு, மன்னரும் மக்களும் சட்டத்திற்கு உட்பட்ட அரசியலமைப்பு முடியாட்சியைத் தன் ஆட்சிமுறையாக ஏற்றது.

வலிமை மிக்க பேரரசை எதிர்த்துப் போரிட ஜொகூரிடம் பெரும்படை இருக்கவில்லை. அப்பேரரசு மதித்த கருத்துகளையே கற்று, அவற்றைத் தம் மரபோடு பொருத்தி, நாட்டிற்கு அரணாக்கினார் சுல்தான் அபு பாக்கார். பிறரிடமிருந்து கற்பது அடிமைத்தனமாகாது. கற்றதைத் தம் மண்ணின் தேவைக்கு ஏற்பப் பயன்படுத்துவதே அறிவுடைமை என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது. அவர் வழங்கிய அரசியலமைப்புச் சட்டம், பிற்காலத் திருத்தங்களுடன் ஜொகூரில் இன்றும் நடைமுறையில் உள்ளது.